சித்தி கேட்ட ஐந்தடித் தொட்டி

ஐம்பதைக் கடந்த நம்மில் பலர் இப்போது பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வண்ணமீன் கடைக்குள் நுழைகிறோம். அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டிகளின் முன் நின்று, பார்வைக்கு எது நன்றாக இருக்கிறது என்று ஆராய்கிறோம். உயரமான தொட்டி கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். வீட்டில் இடத்தையும் அதிகம் அடைக்காது. ஆகவே அதை எடுத்துக் கட்டச் சொல்கிறோம். மற்ற மீன்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. சிக்லிட் இன மீன்களைக் கூட்டமாக வளர்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், அந்த உயரமான தொட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்த மீனுக்கு வேண்டியது தரை. எத்தனை மீனோ, அதற்கேற்ற நீளமும் அகலமும் உள்ள தரை. உயரம் கடைசிக் கணக்கு.

இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த ஒரு மாம்பழப் பருவம். அந்தப் பருவம் முழுவதும் கேரள எல்லையோரத்து முதலமடையில் எங்கள் வீடு ஒரு மீன்தொட்டியின் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. பேசியது தொட்டியைப் பற்றி மட்டுமா என்பதை இந்த வயதில்தான் எடைபோட முடிகிறது.

எங்கள் வீட்டில் பெரியப்பா, என் அப்பா, சித்தப்பா என்று அண்ணன் தம்பிகள் மூவரும் ஒரே அடுப்பில் உண்டு வாழ்ந்தார்கள். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் பறித்து, பழுக்கவைத்து, மரப்பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுவது குடும்பத் தொழில். பெரிய வீடு என்று ஊரில் பெயர். முன்கூடத்தை எங்கள் பக்கத்தில் ஆசாரம் என்போம். எங்கள் ஆசாரத்தில் நாற்பது பேர் உட்காரலாம். ஆனால் கதவு வைத்த அறைகள் மூன்றுதான். ஒன்று சாமி அறை. ஒன்று பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்த அறை. மூன்றாவது, மூன்றிலும் பெரியது, மாங்காய் அறை. தை மாதம் பிறந்தால் அந்த அறையில் வைக்கோல் பரப்பிக் காய்களை அடுக்கிவிடுவார்கள். வைகாசி வரை அதற்குள் மனிதர்கள் போவது பழத்தைப் புரட்டுவதற்கு மட்டுமே. கதவு ஒருக்களித்தே கிடக்கும். அதைத் தாண்டிப் போகும்போது, காய்ச்சல்காரரின் நெற்றியில் கை வைத்ததுபோல் ஒரு வெதுவெதுப்பு முகத்தில் படும். பால் வடியும் காம்பின் காரநெடியும் பழுத்த பழத்தின் இனிப்பும் கலந்த அந்த மணம், பள்ளிக்கூடத்தில் என் பையைத் திறந்தால்கூட வரும்.

பெண்களும் குழந்தைகளும் உள்கூடத்தில் பாய் விரித்துப் படுப்போம். ஆண்கள் ஆசாரத்திலோ தோப்புக் காவலிலோ இருப்பார்கள். இதில் குறை ஒன்றும் இருப்பதாக வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தத் தை மாதத்தில்தான் சித்தப்பாவுக்குத் திருமணம். சித்தி கோயம்புத்தூர்க்காரர், அவருடைய அண்ணன் அங்கே வண்ணமீன் கடை வைத்திருந்தார். மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது சித்தி ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்து இறங்கினார். சீர்ப் பலகாரம் என்று நினைத்துப் பெரியம்மா ஆவலோடு கை நீட்டினார்.

"ஏனம்மிணி, ஒப்புட்டா?"

"இல்லீங்க அக்கா. மீனுங்க."

"கொழம்புக்கா?"

"வளக்கறதுக்குங்க."

பெரியம்மா மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே விரல் நீளத்தில், வெளிறிய நீல உடம்பில் கறுப்பு வரிகள் போட்ட மீன்கள் ஏழு. "சீரோட சீரா ஏழு உசுரையும் கட்டிக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது" என்று சொல்லி மூடியை மெல்ல வைத்தார். அவை கண்ணிமை மயிர் அளவுக் குஞ்சுகளாக இருந்தபோதிலிருந்து சித்தியே வளர்த்தவை. வரி போட்ட சட்டையைப் பார்த்து ஜெயில் மீன் என்று அவர் அண்ணன் கடையில் சொல்வார்களாம். சிக்லிட் என்ற சொல்லை அன்றுதான் நான் கேட்டேன்.

முதலில் அவற்றைப் பின்கட்டில் இருந்த மாட்டுக் கல்தொட்டியில் விட்டார்கள். அகலமான, ஆழமில்லாத தொட்டி அது. ஏழும் அதில் சண்டையில்லாமல் இருந்தன. அப்போது அவை இளசுகள் என்பது ஒரு காரணம். ஆளுக்கொரு மூலை கிடைத்தது மற்றொரு காரணம். இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை. எருமைதான் கவனித்தது. மூக்கை நீரில் வைத்ததும் ஏதோ கடித்திருக்க வேண்டும்; உதறிக்கொண்டு பின்வாங்கிய எருமை பிறகு அந்தத் தொட்டியில் நீர் குடிக்க மறுத்துவிட்டது.

"எருமையா மீனான்னு பாத்தா எருமைதான் பால் குடுக்குது" என்றார் பெரியப்பா. "அதுகளுக்கு நானே ஒரு கண்ணாடித் தொட்டி செஞ்சு தர்றன். ஆசாரத்துல வெச்சா வர்ற ஏவாரிகளும் பாப்பாங்க."

பெரியப்பாவைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கஞ்சரும் அல்லர், கொடுமைக்காரரும் அல்லர். புது மருமகளின் மீனுக்கு மனமாரச் செலவு செய்யத் துணிந்தவர். தவறியது வேறிடத்தில். நம் பக்கம் மலைக்கு மறைவான வறண்ட மண். மேற்கே பாலக்காட்டு வயல்களில் மழை கொட்டும்போது, இங்கே நாம் மேகத்தின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே நீர் என்றால் ஆழம் என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. ஒரு தோட்டம் நல்லதா என்பதைக் கிணறு எத்தனை ஆள் ஆழம் என்று கேட்டுத்தான் தீர்மானிப்பார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூடக் கிணற்றை எட்டிப் பார்க்காமல் போனதில்லை. ஆழமான நீர் வற்றாது, கெடாது, உயிரைக் காக்கும். தலைமுறை தலைமுறையாக உண்மையாக இருந்த இந்த அறிவைத்தான் பெரியப்பா கொல்லங்கோட்டுக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துச் சென்றார்.

வந்த தொட்டி என்னைவிட உயரம். அடியோ ஒரு முக்காலியின் அளவு. அந்தக் காலத்துத் தொட்டிகளை இப்போது எங்கும் காண முடிவதில்லை: நான்கு மூலைக்கும் இரும்புச் சட்டம், அதற்குப் பச்சை வண்ணம், கண்ணாடியைப் பிடித்து நிறுத்த விரல் தடம் பதிந்த புட்டிப் பசை. புட்டியின் எண்ணெய் வாசனை ஒரு வாரம் ஆசாரத்தில் நின்றது. நீர் நிரப்பி, விளக்குப் போட்டதும் கூடியிருந்தவர்கள் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள்.

"மாமா, கொஞ்சம் அகலமா இருந்தா…" என்று சித்தி தொடங்கினார். எங்கள் வழக்கப்படி கணவனின் அண்ணனை அவர் மாமா என்றுதான் அழைப்பார்.

"ஆழத்தப் பாரம்மிணி" என்றார் பெரியப்பா பெருமையாக. "நம்ம தோட்டத்துக் கெணத்துக்கு அடுத்தது இதுதான்."

வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் அதற்கு மேல் என்ன சொல்வார். சித்தி சிரித்துவிட்டு, அடியில் கூழாங்கல் பரப்பி, ஒரு சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து, மீன்களை விட்டார்.

மாசி மாதம் தொட்டியின் பொற்காலம். வியாபாரிகள் விலை பேசுவதை நிறுத்திவிட்டு மீனைப் பார்த்தார்கள். மாலையானால் சித்தி தொட்டியின் ஒரு பக்கம் வந்து நிற்பார். தோப்பிலிருந்து வரும் சித்தப்பா மறுபக்கம் வந்து நிற்பார். இருவரும் கண்ணாடியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அவர்களைச் சுற்றி நாங்கள் பிள்ளைகள், பெட்டி அடிக்கிற ஆசாரி, கணக்கு பார்க்கிற அப்பா. புதுப்பெண்ணுக்கு மீன் என்றால் இவ்வளவு பிரியமா என்று பெரியம்மா வியந்தார். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் நின்று பேசுவதற்கு வேறு இடம் இல்லை என்பது, வியந்தவர் உட்பட ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பங்குனி வெயில் ஏறியபோது மீன்களும் மாறின. அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்தன. ஆணின் வரிகள் மை தீட்டியதுபோல் கறுத்தன. பெண்ணின் வயிற்றில் பொன்னிறம் தோன்றியது. இரண்டும் மண்சட்டியைத் தமதாக்கிக்கொண்டு, கூழாங்கல்லை வாய் வாயாக எடுத்துத் துப்பிக் குழி பறித்தன. முக்காலி அளவுத் தரையில் ஒரு குடும்பம் குழி பறித்தால் மிச்சம் என்ன இருக்கும். மற்ற ஐந்தையும் துரத்தி மேலே ஏற்றிவிட்டன. ஐந்தும் நீர்மட்டத்தின் ஒரு மூலையில், காற்றுக்குழாயை ஒட்டி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றன. இறங்கினால் கடி. நடுவில் இருந்த அத்தனை ஆழமும் யாருக்கும் பயன்படாமல் பளபளத்தது.

"பாத்தீங்களா, ஆளு வந்தா மேல வந்து பாக்குது. பளகிக்கிச்சு" என்று பெரியப்பா வியாபாரிகளிடம் சொன்னார். பெரியப்பா மகனான என் அண்ணன், அவை பசியில் வருகின்றன என்று முடிவு செய்து மண்புழுவைக் கூடுதலாகப் போட்டான். அதனால் நீர்தான் கலங்கியது. ஒருநாள் காலையில் மூலையில் நின்றவற்றில் ஒன்று, வால் கிழிந்து, மிதந்தது. ஊர்க் கண் பட்டுவிட்டது என்று பெரியம்மா சட்டத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்.

பெரியப்பாவின் மருந்து ஒன்றே. "தண்ணி பத்துல. இன்னும் ரெண்டடி உசத்திக் கட்டச் சொல்றன்."

உயர்த்துவதற்குள் இரண்டாவது மீனும் செத்தது. அன்று சித்தி அழவில்லை. பரணிலிருந்து தூக்குப்போசியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, பின்கட்டு வெயிலில் கவிழ்த்து வைத்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"இன்னொண்ணு செத்துதுன்னா மிச்சத்த எடுத்துட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க அக்கா."

"போயிட்டு எப்ப வருவ?"

சித்தி வெயிலில் கவிழ்ந்திருந்த தூக்குப்போசியைப் பார்த்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்தார். மாலைக்குள் அந்தச் செய்தி வீடு முழுவதும் பரவிவிட்டது. மீனைப் பார்க்கும் கண்கள் அன்றோடு மாறின. மேல் மூலையில் மூன்று, அடியில் இரண்டு. அந்த மூன்றில் எது தளர்ந்து தெரிந்தாலும், பெரியம்மாவின் கை தானாகத் தாலிக்கயிற்றைத் தொட்டது. சித்தப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

மறுநாள் பெரியப்பா தோப்புக்குப் போகவில்லை. ஆசாரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "என்னதான் வேணும் அதுகளுக்கு? நீயே சொல்லிப் போடு அம்மிணி" என்றார். குரலில் கோபம் இருந்தது. அதற்கடியில் இருந்தது கலக்கம் என்று இன்று எனக்குத் தெரிகிறது.

சித்தி பெட்டிக்குக் குறிபோடும் சாக்கட்டியை எடுத்தார். என் அம்மா துணி தைப்பவர். அவருடைய அளவு டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அம்மா பிடித்தார். ஆசாரத்துத் தரையில் சித்தி கோடு இழுத்துக்கொண்டே போனார். டேப் முழுவதும் விரிந்து தீர்ந்துவிட்டது. தையல் டேப் ஐந்தடி.

"டேப்பு முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அவ்வளவுதான் கண்ணு வேணும்."

அம்மா குனிந்து மெதுவாகக் கேட்டார்: "நாலடி பத்தாதா?"

"பத்தாதுங்க அக்கா."

அம்மா ஒரு கணம் சித்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்கும் தூணுக்கும் இடையில் இருந்த சுவரைப் பார்த்தார். "செரி, அஞ்சே இருக்கட்டும்" என்று டேப்பைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அகலம் ஒன்றரை அடி. உயரம் தன் முழங்கால்வரை போதும் என்றார் சித்தி.

பெரியப்பா எழுந்து வந்து கோட்டைச் சுற்றி நடந்தார். "இது தொட்டியா, பந்திப்பாயா?"

அண்ணன் கோட்டுக்குள் நீட்டிப் படுத்துக் காட்டினான். "நானே இருக்கலாமுங்க இதுல."

"உன்னய உட்டா மீனு சாப்பாடு மிச்சமாவாது" என்றார் என் அப்பா.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சித்தி கேட்டார்: "மாமா, வேலந்தாவளம் சந்தைல புதுசா ஒரு காளை புடிச்சுட்டு வந்தா எங்க கட்டுவீங்க?"

"எங்க கட்டறது, கட்டுத்தரைலதான்."

"பழைய காளைக்கு ஒட்டியாங்க?"

"ஒட்டிக் கட்டுனா குத்திக் கொடலை எடுத்துப்போடும். எடம் உட்டுத்தான் கட்டோணும். நடுவுல வண்டியக் கிண்டிய நிறுத்தி மறைக்கோணும். மூஞ்சி பாத்துக்காம இருந்தா கொஞ்ச நாள்ல அடங்கீரும்."

"எடம் உடாம, கட்டுத்தரைக் கூரைய மட்டும் உசத்திக் கட்டுனா அடங்காதுங்களா?"

"கூரைய உசத்துனா? மாடு என்ன பறக்குமாக்கு…" என்று தொடங்கிய பெரியப்பா பாதியில் நின்றுவிட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சித்தி சிரிக்கவில்லை. கோட்டுக்குள் இறங்கி, ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். "இந்த மீனும் தரைலதானுங்க எடம் புடிக்குது. இப்ப அஞ்சு இருக்குதுங்க. ரெண்டு இந்தக் கோடில சட்டி வெச்சுக்கும். நாளைக்கு இன்னொரு ஜோடி சேந்தா அந்தக் கோடில ஒரு சட்டி. நடுவுல கல்ல அடுக்கிட்டா ஒண்ண ஒண்ணு பாக்காது. ஒத்தையா நிக்கறது கல்லுச் சந்துல பொளச்சுக்கும். எத்தன மீனுன்னு பாத்து நீளத்த வெக்கோணும். உசரம் எவ்வளவு இருந்தாலும் அதுக்கு வாசப்படி ஒண்ணுதானுங்க."

பிற்காலத்தில் மீன் வளர்ப்பைப் பற்றி எத்தனையோ பேர் விளக்கக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

"செரி" என்றார் பெரியப்பா. "எங்க வெக்கறது?"

அங்கேதான் உண்மையான விவாதம் தொடங்கியது. வாசலுக்கும் தூணுக்கும் இடையில் சுவர் நான்கரை அடி. ஐந்தடித் தொட்டி அங்கே அடங்காது. எதிர்ச்சுவரில் நெல் பெட்டி. உள்கூடத்தில் வைத்தால் படுக்கும்போது கால் இடிக்கும், சமையல் புகை வேறு. பின்கட்டில் வெயிலும் பூனையும். சாமி அறையைப் பெரியம்மா பேச்சிலேயே சேர்க்கவிடவில்லை. மண்புழு தின்னும் மீனைச் சாமிக்கு முன்னால் வைப்பதா. ஒவ்வொரு சுவராகக் கழிந்துகொண்டே வந்தது. மிச்சம் இருந்த ஒரு சுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மாங்கா ரூம்பு வடக்குச் செவுரு சும்மாதானுங்க இருக்குது."

"சீசன்லயா?" என்றார் பெரியம்மா.

"பழத்த எங்க கொண்டு போறது? தலைல வெச்சுக்கறதா?" என்றார் பெரியப்பா.

"கொட்டாய் இருக்குதுங்களே மாமா" என்றார் அம்மா.

"அணில் திங்கும். காத்தடிச்சா பழுக்கறதும் தள்ளிப் போவும். லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?"

"மூணாவது மீனு செத்தா மீனு மட்டும் போவாதுங்க மாமா" என்றார் அம்மா. அந்த வீட்டில் அவர் பெரியப்பாவிடம் இவ்வளவு நேராகப் பேசியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தூணில் சாய்ந்து நின்ற சித்தப்பா, தரையைப் பார்த்தபடி, அன்றைய முதல் வார்த்தையைச் சொன்னார். "கரண்டு போனா காத்து மோட்டார் நின்னு போயிருமுங்கண்ணா. ராத்திரி தொட்டிகிட்ட ஒரு ஆளு படுத்தாத்தான்…"

அவர் முடிக்கவில்லை, காது மடல் சிவந்திருந்தது. பெரியம்மா திடீரென்று எலுமிச்சைக் கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கத் தொடங்கினார். அப்பாவுக்கு இருமல் வந்தது. பெரியப்பா நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அறையையும், பழத்தையும், லாரியையும், கழுவிக் கவிழ்த்த தூக்குப்போசியையும் அவர் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒத்த ஆளு அத்தனை பெரிய தொட்டிக்குத் தண்ணி மாத்த முடியாது" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "ரெண்டு பேரும் அங்கயே இருந்து பாத்துக்குங்க."

அன்று மாலையே கொல்லங்கோட்டுக்குக் கிளம்பினார். என்னையும் அழைத்துப் போனார். கண்ணாடிக் கடைக்காரர் மலையாளி. அளவைக் கேட்டுத் தாளில் குறித்தவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தயங்கினார். "ஹைட் போராதே. ரெண்டடி ஆக்கட்டே?"

இரண்டு மாதங்களுக்கு முன் இதே கடையில் உயரத்துக்காக வாதாடிய பெரியப்பா சொன்னார்: "வேண்டாம் சாரே. மாடு பறக்காது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பலகைகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மாங்காய் அறையைக் காலிசெய்ய வீடே கைகொடுத்தது. பழங்கள் கூடை கூடையாகக் கொட்டகைக்குப் போயின. அணில் தின்றது உண்மை. ஒரு லாரி காத்திருந்து திரும்பிப் போனதும் உண்மை. பெரியப்பா சொன்ன இழப்புகள் எல்லாம் நடந்தன. அவர் அவற்றைப் பற்றி ஒருமுறையும் குத்திக் காட்டவில்லை. வைக்கோலைக் கூட்டி, சாணம் தெளித்துக் கழுவிய பிறகும் அறையில் பழ மணம் போகவில்லை. அந்த மணத்துக்குள்ளேயே ஐந்தடித் தொட்டி வந்து இறங்கியது. நீரோட்டம் வற்றிய ஆற்றிலிருந்து நானும் அண்ணனும் கல் பொறுக்கி வந்தோம். சித்தி ஒரு காலைப்பொழுது முழுவதும் கல்லை அடுக்கினார், கலைத்தார், குனிந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் அடுக்கினார்.

மீன்களை விட்டதும் எல்லோரும் தொட்டியின் முன் உட்கார்ந்துவிட்டோம். ஜோடி மீன் நேராக இடதுகோடிச் சட்டிக்குள் போனது. சற்று நேரத்தில் ஆண் வெளியே வந்து, மற்ற மூன்றையும் தேடிப் பாய்ந்தது. கல் குவியல் வரை வந்தது. மறுபக்கம் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டது. மறுபடியும் வந்தது, மறுபடியும் கல்லோடு திரும்பியது. பொழுது ஏற ஏற அதன் நடை சுருங்கி, சட்டியைச் சுற்றி ஓர் எல்லை தானாகவே அமைந்தது. வாரக்கணக்காக நீர்மட்டத்தில் நின்ற மூன்றும், ஒடுக்கிய துடுப்பை விரித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. ஒன்று கூழாங்கல்லை வாயில் எடுத்துத் துப்பியது. பெரியப்பா தன் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

பிற்பாடு நானும் இந்த மீன்களை வளர்த்தேன். பலருக்குத் தொட்டி தேர்ந்துகொடுத்தும் இருக்கிறேன். நடுவில் கல் அடுக்கிவிட்டால் அந்த ஐந்து மீன்களுக்கு நாலடித் தொட்டி தாராளமாகப் போதும். நாலடித் தொட்டி என்றால் ஆசாரத்தின் நான்கரை அடிச் சுவரிலேயே அடங்கியிருக்கும். மாங்காய் அறையை யாரும் திறந்திருக்க வேண்டியதில்லை. மீன் கடைக்காரரின் தங்கைக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த என் அம்மாவும் அன்றே புரிந்துகொண்டிருந்தார். ஐந்தாவது அடியைச் சித்தி தனக்காகக் கேட்டார். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தரை கூடியதால் எந்த மீனும் செத்ததில்லை. இடம் வேண்டும் என்று ஒரு மருமகள் தன் பெயரில் கேட்டால் திமிர் என்று பெயர் வைக்கும் வீடு, மீனின் பெயரில் கேட்டபோது கூடி உட்கார்ந்து யோசித்தது. அடுத்த பருவத்துக்குள் பெரியப்பா உள்கூடத்தின் நடுவே தடுப்புச்சுவர் எழுப்பி, என் அப்பா அம்மாவுக்கும் ஓர் அறை செய்துகொடுத்தார். அதற்கு எந்த மீனும் தேவைப்படவில்லை.

இனி அந்த முதல்நாள் பிற்பகல். பெரியவர்கள் தத்தம் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் மட்டும் அறையைவிட்டு நகரவில்லை. எந்த மீன் புருஷன், எது பொண்டாட்டி, எது தனியாள் என்று கேட்டுச் சித்தியைத் துளைத்தெடுத்தோம். அவர் சலிக்காமல் பதில் சொன்னார். அப்போது சித்தப்பா தோப்பிலிருந்து வந்து, கைகால் கழுவிய ஈரத்தோடு வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்பவரைப்போல் நின்றார்.

"கண்ணுகளா, போதும். போய் வெளிய வெளையாடுங்க" என்றார் சித்தி.

வெளியே வந்தோம். எங்களுக்குப் பின்னால் அந்தக் கதவு மூடியது. தாழ்ப்பாள் துருவேறி இருந்ததால் ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை கிரீச்சிட்டு, விழுந்தது. பட்டப்பகலில் அந்த வீட்டில் ஓர் அறைக்குத் தாழ் விழும் ஓசையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சொம்பில் நீரோடு எதிரே வந்த பெரியம்மா நின்றுவிட்டார். கதவைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

அவர் சொம்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, கையை நீட்டி எங்கள் எல்லோரையும் சமையலறைப் பக்கம் திருப்பிவிட்டார்.

"இங்க நின்னு சத்தம் போடாதீங்க" என்றார். "மீனு பயந்துக்கும்."